கரியை அழுத்தினால்

ராஜபாளையத்தில் எங்கள் வீட்டுக் கறுப்பு டெலிபோனில் குரல் மங்கினால், அப்பா ரிசீவரை உள்ளங்கையில் நாலு தட்டுத் தட்டுவார். குரல் தெளிந்துவிடும். பேசும் பக்கத்து மூடிக்குள் வட்டமான ஒரு டப்பி, அதற்குள் கரித்துகள்கள். குரல் பட்டுத் தகடு அதிரும். தகடு துகள்களை நெருக்கினால் மின்தடை குறையும், தளர்த்தினால் கூடும். அப்பாவின் பேச்சு அப்படித்தான் மின்னோட்டமாகி ஸ்ரீவில்லிபுத்தூரில் இருந்த அத்தையின் காதுக்குப் போனது. நாளாக ஆகத் துகள்கள் கட்டிக்கொள்ளும், தட்டினால் உதிரும். 1877இல் எடிசன் குரலை இப்படி மின்னோட்டமாக்க எடுத்துக்கொண்டது மண்ணெண்ணெய் விளக்கின் புகைக்கரி. நம் வீட்டு மாடக்குழிகளில் படிந்து கிடந்ததும் அதுதான்.

பிறகு டிவி பழுதுபார்க்கும் கடைகள் வந்தன. மின்னணுச் சில்லுகளான ஐசிகள் கறுப்பு ஸ்பாஞ்சில் கால் குத்தி வரும். ஐசியை எடுத்துக்கொண்டு ஸ்பாஞ்சைக் குப்பையில் போடுவார்கள். நிலைமின்சாரம் ஐசியைக் கெடுத்துவிடாமலிருக்கக் கரி சேர்த்த ஸ்பாஞ்ச் அது. அதை அழுத்தினாலும் மின்தடை குறையும். அதே காவல் வேலைக்காகப் பிறந்ததுதான் வெலோஸ்டாட்: கரி கலந்த பாலித்தீன் தாள், 0.1 மி.மீ. கனம். அன்று பொதியோடு வந்து குப்பைக்குப் போன சரக்கின் உறவுக்காரத் தாளை இன்று பிள்ளைகள் அழுத்தத்தை அளக்கக் காசு கொடுத்துக் கூரியரில் வரவழைக்கிறார்கள்.

என் தங்கை மகள் கிருஷ்ணன்கோவிலில் பொறியியல் படிக்கிறாள். தாத்தாவுக்குச் சர்க்கரை, பாதம் மரத்துவிட்டது. எங்கே அழுந்துகிறது என்றே தெரியாமல் நடந்தால் அந்த இடம் புண்ணாகும். அவர் செருப்பில் பதிக்க, அவள் இரண்டு அலுமினியத் தாள்களுக்கு நடுவே வெலோஸ்டாட்டை வைத்தாள். ஒரு பக்கம் அலுமினியத்துக்கும் வெலோஸ்டாட்டுக்கும் இடையே சத்திரப்பட்டித் தறியில் நெய்த பேண்டேஜ் துணி. சும்மா இருக்கும்போது அந்தத் துணி இரண்டையும் விலக்கி வைக்கும்; மிதித்ததும் துணியின் கண்கள் வழியே இரண்டும் தொட்டுக்கொள்ளும். 10 கிலோ ஓம் ரெசிஸ்டர் ஒன்று, ஆர்டுயினோ என்ற சிறு கணினிப் பலகை ஒன்று. அழுத்தத்துக்கு ஏற்பத் திரையில் எண் 0 முதல் 1023 வரை ஓடும். ரிசீவரைத் தட்டிய அப்பா இப்போது கரியின் மேல் கால் வைத்து நடக்கிறார்.

இதைத் தராசாக நினைக்கக் கூடாது. அழுத்தம் குறைந்தாலும் எண் உடனே அதற்கேற்ற இடத்துக்கு இறங்காது. ஒரே எடையை வைத்திருந்தாலும் நேரம் போகப் போக நகரும். சூட்டுக்கும் ஈரத்துக்கும் மாறும். அதனால் உதவாது என்று ஒதுக்குவதை நான் ஏற்கமாட்டேன். ஒரே தாளில் வெட்டிய துண்டுகள் ஒவ்வொன்றின் மேலும் ஒரே எடையை வைத்துச் சரிபார்த்துக்கொண்டால், குதிகாலா, பெருவிரல் அடியா, எது கூடுதலாக அழுந்துகிறது என்று ஒப்பிட முடியும். மருத்துவரிடம் போகும்போது காட்ட அது போதும். மருத்துவருக்கு அது மாற்று இல்லை.

“வேர்வை பட்டா ரீடிங் ஓடுது மாமா” என்றாள் போன வாரம். அட்டைகளுக்குப் போடும் லேமினேஷனுக்குள் துண்டுகளை வைத்து, ஒயர் வெளியே வரும் இடத்தைப் பசையால் அடைக்கச் சொன்னேன். அடுத்த செருப்பு அப்படித்தான் தயாராகிறது.