மக்குக்கு ஒரு சான்றிதழ்

எங்கள் காலத்தில் பள்ளிக்கூடம் தேடும் தொல்லையே கிடையாது. ஊருக்கு ஒரே பள்ளி, அதில் எனக்கென்று ஒதுக்கிய கடைசி பெஞ்சு. 'கொ' எழுதச் சொன்னால் காலைப் போட்டுவிட்டுக் கொம்பை எந்தப் பக்கம் மாட்டுவதென்று முழிப்பேன். ல, ள, ழ மூன்றும் எனக்கு ஒரே சாயல். "நீ மாடு மேய்க்கத்தான் லாயக்கு" என்று வாத்தியார் ஒரே மூச்சில் மதிப்பீட்டை முடித்துவிடுவார். கட்டணம் கிடையாது, பிரம்படியும் இலவசம்.

இன்று பேரனுக்கு அதே மதிப்பீட்டைச் செய்ய உளவியல் நிபுணர், பல பக்க அறிக்கை, தனி ரசீது. "குடும்பத்துல வேற யாருக்காவது இந்த வாசிப்புச் சிக்கல், டிஸ்லெக்சியா, உண்டா?" என்று அந்தம்மா கேட்டதும் வீடே என்னைத் திரும்பிப் பார்த்தது. தலை நரைத்தபின் மக்குப் பட்டம் போய் மரியாதையான பெயர் வந்தது.

அடுத்தது பள்ளி. சென்னையில் மெட்ராஸ் டிஸ்லெக்சியா அசோசியேஷன் நடத்தும் 'அனன்யா' மாதிரியான முழுநேர மையங்களில், பிள்ளையைத் தேற்றி வழக்கமான பள்ளிக்கே திருப்பி அனுப்புவதுதான் நோக்கம் என்று விளக்கினேன். "ஸ்பெஷல் ஸ்கூலா? நாலு பேர் என்ன சொல்வாங்க சம்பந்தி?" என்றார் மருமகளின் அப்பா. 2007-ல் டிஸ்லெக்சியா சிறுவனைப் பற்றிய 'தாரே ஜமீன் பர்' படத்தைப் பார்த்துக் கைக்குட்டை நனைய அழுதவர் அவர்.

சரியென்று வழக்கமான பள்ளிக்கே போனோம். 1995 மாற்றுத்திறனாளிகள் சட்டத்தில் இடமில்லாத, டிஸ்லெக்சியா போன்ற கற்றல் குறைபாடு, 2016 சட்டத்தில் 21 வகைகளில் ஒன்றாக ஏறிவிட்டது. பொதுத்தேர்வில் கூடுதல் நேரம், சொல்லச் சொல்ல எழுத ஆள், மொழிப்பாட விலக்கு எல்லாம் உண்டு. வாசலிலேயே 'அனைவருக்குமான பள்ளி' என்று பலகை. உள்ளே ஏசி அறையில் முதல்வர் சிரித்த முகத்துடன் சொன்னார்: "எங்க ஸ்பீடு உங்க பையனுக்குச் சரிப்படாது சார். வேணும்னா வகுப்புல அவன் கூடவே உட்கார்ந்து உதவ ஷேடோ டீச்சரை நீங்களே வெச்சுக்குங்க." எங்கள் வாத்தியார் சொன்னதும் இதைத்தான், மாட்டை மட்டும் இவர் விட்டுவிட்டார்.

கடைசியில் பேரனைச் சிறப்புப் பள்ளியில்தான் சேர்த்தோம். அங்கே எழுத்தை மணலில் விரலால் எழுதி, உரக்கச் சொல்லிப் பழகுகிறான். எல்லாப் பிள்ளைக்கும் இதுவே வழி என்று சொல்லமாட்டேன். வழக்கமான பள்ளியிலேயே பயிற்சி பெற்ற சிறப்பு ஆசிரியர் இருந்தால், தன் தெருப் பிள்ளைகளோடு அங்கேயே படிக்கலாம். பலகையைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள். "என் பிள்ளைக்கு வாசிக்கச் சொல்லிக்கொடுக்கப்போவது யார், வாரத்துக்கு எத்தனை மணி நேரம்?" என்று கேளுங்கள். ஆளையும் நேரத்தையும் காட்டும் பள்ளியில் சேருங்கள்.