எனக்கு ஆட்சேபணை இல்லை

எங்கள் வீட்டில் எட்டு வயதுப் பையனை மதுரைக்குக் கூட்டிப் போவதென்றால்கூட பதினோரு பேரிடம் கேட்க வேண்டும். மாமியார் நாள் பார்ப்பார். மாமனார் "பஸ்ஸா, காரா?" என்பார். சாத்தூரிலிருக்கும் சின்ன நாத்தனார் போன் போட்டு, "இந்த வெயில்ல எதுக்கு மதினி?" என்பாள். எதிர்வீட்டுப் பாட்டி யாரும் கேட்காமலே வந்து திருநீறு பூசிவிட்டுப் போவார். இந்தப் பதினோரு பேரில் என் கணவர் கிடையாது. "கூட்டிட்டுப் போயேன்" என்பதற்கு மேல் அவர் எதுவும் சொன்னதில்லை. அதையும் பேப்பரிலிருந்து கண்ணை எடுக்காமல்தான் சொல்வார்.

போன கோடை விடுமுறையில் ஜெர்மனியிலிருக்கும் தம்பி வீட்டுக்கு நானும் பையனும் போவதாக முடிவானது. கணவர் ராஜபாளையத்தில் ஒரு நூற்பாலையில் ஷிப்ட் சூப்பர்வைசர். மூன்று வாரம் லீவெல்லாம் நடக்கிற காரியமில்லை. விசாவுக்குக் கேட்ட காகிதங்களின் பட்டியலில் ஒரு வரி: கூட வராத பெற்றோரின் சம்மதக் கடிதம், நோட்டரி முத்திரையுடன்.

வீடே வாயடைத்துப் போனது. மாமியாருக்குத்தான் தாங்கவில்லை. "அவன் என்னத்தச் சொல்றது? நான்தான் சரின்னுட்டேன்ல, என் பேரப் போட்டு எழுது" என்றார்.

இதே பையனுக்குப் பாஸ்போர்ட் எடுத்தபோது இவ்வளவு பாடு இல்லை. 2016 டிசம்பரில் விதிகளைத் தளர்த்தியதிலிருந்து, பெற்றோரின் உறுதிமொழிக்கு வெள்ளைத்தாள் போதும், நோட்டரி வேண்டாம். மதுரையில் வேலை முடிந்த கையோடு ஜிகர்தண்டா குடித்துவிட்டு ஊர் திரும்பினோம். நம் சர்க்கார் நம்மை நம்பிவிட்டது. ஜெர்மனி சர்க்காருக்கு என் வீட்டுக்காரரைத் தெரியாதே!

விருதுநகர் மாவட்டத்துக்கு மாவட்ட நீதிமன்றம் இருப்பது விருதுநகரில் அல்ல, ஸ்ரீவில்லிபுத்தூரில். நோட்டரி தேடி அங்கேதான் போனேன். என் அம்மா வீடும் அங்கேதான், பையன் பிறந்ததும் அங்கேதான். பிறப்புச் சான்றிதழிலும் பாஸ்போர்ட்டிலும் ஊர்ப் பெயரின் ஆங்கில எழுத்து ஒன்றுபோல் இல்லை. ஒன்றில் இரண்டு ‘டி’, இன்னொன்றில் ‘டி’யும் ‘ஹெச்’சும். நோட்டரி வக்கீல் இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தார். அடுத்து எங்கள் மூவரின் பாஸ்போர்ட்டையும் வாங்கினார். இனிஷியலை விரித்து எழுதியதில் என் குடும்பப் பெயர் என் அப்பாவுடையது, கணவரின் குடும்பப் பெயர் மாமனாருடையது, பையனின் குடும்பப் பெயர் என் கணவருடையது. ஒரே வீட்டில் மூன்று குடும்பம்! "இதனாலதாம்மா வெளிநாட்டுக்காரன் சந்தேகப்படுறான்" என்றார்.

காரணத்தையும் அவரே சொன்னார். புருஷன் பெண்டாட்டி பிரியும்போது ஒருவர் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வேறு நாட்டுக்குப் போய்விடுவது உண்டு. அப்படிப் போன பிள்ளைகளைத் திரும்ப அனுப்புவதற்கென்றே 1980-ல் ஹேக் நகரில் ஒரு உடன்படிக்கை போட்டார்கள். இந்தியா அதில் சேரவில்லை. தென்னாப்பிரிக்கா 2015-ல் பிள்ளைகளோடு வருகிறவர்களிடம் முழுப் பிறப்புச் சான்றிதழ் கேட்க ஆரம்பித்து, சுற்றுலாவே படுத்துவிடும் போலிருக்க, பிறகு இறங்கி வந்தது.

அவர் பேசப் பேச என் நினைவு கோயில் பக்கம் போய்விட்டது. பெரியாழ்வார் நந்தவனத்தில், துளசிச் செடியடியில் கண்டெடுத்த பிள்ளை கோதை. பிறப்புச் சான்றிதழ் கிடையாது; தாய் பெயர் என்ற கட்டம் காலி. அந்தப் பெண்ணைத்தான் ஸ்ரீரங்கம் வரைக்கும் கூட்டிப் போனார். அங்கிருந்து சம்மதம் கனவில் வந்தது என்பார்கள். கனவுக்கு நோட்டரி முத்திரை எங்கே குத்துவது?

கணவர் இரவு ஷிப்ட் முடித்து நேரே பைக்கில் வந்து சேர்ந்தார். புருவத்தில் பஞ்சு, காது மடலில் பஞ்சு. குமாஸ்தா தலை நிமிர்ந்து பார்த்துவிட்டு, "சார் தூங்கவே இல்லையா?" என்றார். 200 ரூபாய்ப் பத்திரத்தில் ஆங்கிலத்தில் அடித்ததைத் தமிழில் வாசித்துக் காட்டினார்கள். இன்ன தேதி முதல் இன்ன தேதி வரை, என் மகன் அவன் தாயாருடன் பயணம் செய்வதில் எனக்கு யாதொரு ஆட்சேபணையும் இல்லை.

கணவர் பேனாவை அப்படியே நிறுத்தினார்.

"மூணு வாரமா?"

மூன்று மாதமாக வீட்டில் இதே பேச்சுத்தான். அது அவர் காதில் ஏறியது இப்போதுதான்.

"அப்ப எனக்குச் சாப்பாடு?"

வக்கீல் கண்ணாடியைக் கழற்றினார். "சார், ஆட்சேபணைய முன்னாடியே சொல்லணும். டைப் அடிச்சாச்சு."

அவரும் போட்டுவிட்டார், அழகான தமிழ்க் கையெழுத்து. மில் ரிஜிஸ்டரில் தினமும் போட்டுப் பழகியது. பாஸ்போர்ட்டில் இருந்ததோ ஆங்கிலக் கையெழுத்து. வளைகுடாவுக்குப் போகப் போவதாகச் சொல்லிக்கொண்டு திரிந்த காலத்தில் பழகியது அது, கடைசியில் ஒரு பெரிய சுழி வேறு. வக்கீல் தலையாட்டினார். இன்னொரு பத்திரம், இன்னொரு 200. 2024 மே மாதத்துக்கு முன்பென்றால் 20 ரூபாயோடு போயிருக்கும். இரண்டாவது தாளில் கைவைக்கும் முன் பழைய செய்தித்தாள் ஓரத்தில் அந்தச் சுழியை ஆறு தடவை போட்டுப் பார்த்தார். ஐந்தாவதில்தான் இளமை திரும்பியது.

தம்பி ஆசையாகக் கேட்டிருந்த பால்கோவாதான் போய்ச் சேரவில்லை. புவிசார் குறியீடு பெற்ற பண்டமாக இருந்தாலும், ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் வெளியிலிருந்து பால் பொருளைப் பயணப் பையில் கொண்டுபோகக் கூடாது. பையனுக்காவது அப்பா கையெழுத்து என்று ஒரு வழி இருந்தது. பசுமாடே கையெழுத்துப் போட்டாலும் பால்கோவாவுக்கு வழியில்லை. பெட்டியிலிருந்து எடுத்த ஒரு கிலோவை அந்தப் பதினோரு பேரும் எங்கள் பயணத்துக்குச் சம்மதித்த கையோடு தின்று தீர்த்தார்கள்.

பிராங்க்பர்ட் விமான நிலைய அதிகாரி பத்திரத்தை வாங்கினார், சிவப்பு முத்திரையைக் கட்டைவிரலால் ஒருமுறை தடவினார், மடித்துக் கொடுத்துவிட்டார். படிக்கவில்லை என்றுதான் நினைக்கிறேன்.

பிள்ளையையும் மனைவியையும் வெளிநாடு அனுப்பப்போகும் அப்பாமார்களே, சாப்பாட்டைப் பற்றி வீட்டிலேயே பேசிவிடுங்கள். நோட்டரியிடம் போகுமுன் உங்கள் பாஸ்போர்ட்டைத் திறந்து, அதில் என்ன கையெழுத்துப் போட்டிருக்கிறீர்கள் என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.