‘தொடாதே’ அண்ணன்

பெரிய அலுவலகங்களில் சர்வர் அறைக்குப் பக்கத்தில், ஏசிக் குளிருக்கு மஃப்ளர் சுற்றியபடி ஒருவர் இருப்பார். சர்வர் அண்ணன். எல்லோருக்கும் ஃபைல் திறக்கும்வரை அவர் வந்திருக்கிறாரா என்று யாரும் பார்ப்பதில்லை. திறக்காவிட்டால் மூன்று மாடியும் அவர் மேஜை முன்னால் நிற்கும்.

பொது ஃபைல்களுக்காக அவர் இரண்டு லினக்ஸ் சர்வர்கள் வைத்திருப்பார். ஒன்று படுத்தால் இன்னொன்று எழுந்து, டிஸ்கை மவுண்ட் செய்து, ஃபைல்களைப் பகிரும் என்எஃப்எஸ்ஸைக் கிளப்பி, கடைசியில் பொது ஐபி முகவரியை எடுத்துக்கொள்ளும். ஐபி முந்திக்கொண்டால் அடுப்பே பற்றவைக்காமல் பந்தியில் இலை போட்ட கதைதான்.

“அண்ணா, ஃபைல் தொங்குது!”

“ஹார்டு மவுண்ட், தம்பி. சர்வர் வர்ற வரைக்கும் விடாம கேட்டுக்கிட்டே இருக்கும். நீ போய் டீ சாப்பிட்டு வா.”

சர்வர் எழுந்ததும், ஃபைல்மேல் போட்டிருந்த பூட்டுகளை அவரவர் மீட்டுக்கொள்ள, என்எஃப்எஸ் நான்காம் பதிப்பு லினக்ஸில் வழக்கமாக 90 விநாடி அவகாசம் தருகிறது. டீ ஆற அதற்குமேல் ஆகும் என்பது அண்ணன் கணக்கு.

எறும்பை மிதிக்கத் தயங்குகிற மனிதர். ஆனால் ‘ஸ்டோனித்’ இல்லாத கிளஸ்டரைத் தீண்டமாட்டார். நடுவில் கேபிள் போனால் இரண்டு சர்வரும் மற்றது செத்துவிட்டதாக நினைத்து ஒரே டிஸ்கில் எழுத ஆரம்பித்துவிடும், டேட்டா நாசம். அதனால் சந்தேகம் வந்ததுமே ஒன்று மற்றதன் கரண்டைப் பிடுங்கிவிட வேண்டும்; அதுதான் ஸ்டோனித். “உசிரு இருக்கா இல்லையான்னு விசாரிச்சுக்கிட்டு நிக்கக் கூடாது தம்பி, முடிச்சுட்டுத்தான் அடுத்த வேலை” என்று புளியோதரையைப் பிசைந்தபடி சாந்தமாகச் சொல்வார்.

இத்தனை வீரமும், ஒன்று விழுந்தால் இன்னொன்று வேலையை ஏற்கும் ஃபெயில்ஓவரோடு சரி. வேலையைப் பழைய சர்வருக்கே திருப்பும் ஃபெயில்பேக் என்றால் முகம் வெளிறிவிடும். தானாகத் திரும்பிப் போகாதபடி கிளஸ்டரை நடத்தும் பேஸ்மேக்கர் மென்பொருளில் ஒட்டுதல் அளவை ‘இன்ஃபினிட்டி’ என்று வைத்திருப்பார். அதில் நியாயமும் உண்டு: அரைகுறையாகத் தேறிய சர்வரிடம் வேலை தானாகத் திரும்பினால், அது மறுபடி விழும், போகும்போதும் வரும்போதும் ஊரே தொங்கும். ஆகவே கையால்தான் மாற்ற வேண்டும், ஆள் இல்லாத நேரத்தில்தான் மாற்ற வேண்டும். அந்த நேரம்தான் வாய்ப்பதில்லை. இருபதாம் தேதிவரை ஜிஎஸ்டி. அப்புறம் சம்பளக் கணக்கு. செவ்வாய் ஆகாது. வெள்ளிக்கிழமை எதையாவது தொட்டுவிட்டு சனி, ஞாயிறை இழக்க எந்த அட்மினும் பைத்தியமில்லை.

பழுது பார்த்த முதல் சர்வர் பளபளவென்று சும்மா நிற்கும். ‘ஸ்டாண்ட்பை’ என்று ஸ்டிக்கர் ஒட்டிய இரண்டாவது, போன பொங்கலிலிருந்து மொத்த ஆபீசையும் சுமந்துகொண்டிருக்கும்.

மேனேஜர் ஒருநாள் பொறுமை இழப்பார். “நாளைக்குக் காலையில ‘பிரைமரி’னு எழுதின சர்வர்லதான் ஓடணும். முடியுமா, முடியாதா?”

“முடியும் சார்.”

அன்று ராத்திரி அண்ணன் தனியே உள்ளே போவார். இரண்டு ஸ்டிக்கரையும் பதமாக உரித்து, இடம் மாற்றி ஒட்டிவிட்டு, நிம்மதியாக வீட்டுக்குக் கிளம்புவார்.