பாட்டுக்காரர் பாதி, கூட்டம் பாதி

வந்த கடிதங்களில் பெரும்பகுதி பிரிட்டிஷ் ராக் குழு குயினைப் பற்றித்தான். பாதிப் பேர் பழைய ரசிகர்கள், மீதிப் பேர் யூடியூபில் பார்த்துவிட்டுப் புதிதாக விழுந்தவர்கள். எனவே இந்த முறை பக்கம் முழுக்க அவர்களுக்கே.

கேள்வி: ‘லைவ் எய்ட்’ மேடையில் குயின் வாசித்த இருபத்தோரு நிமிடத்தை இன்னும் கொண்டாடுகிறார்களே, அப்படி என்னதான் நடந்துவிட்டது? (மதுரை வாசகர்)

பதில்: அன்றைக்கு அவர்களிடம் என்னவெல்லாம் இல்லை என்பதிலிருந்து தொடங்குவோம். இருட்டு இல்லை. 1985 ஜூலை 13, லண்டன் வெம்பிளி மைதானம், மாலை ஆறே முக்கால் மணி. அந்த ஊரில் ஜூலை மாதம் அந்த நேரத்துக்கு வெயில் அப்படியே இருக்கும். குயின் கச்சேரி என்றால் தலைக்கு மேலே டன் கணக்கில் விளக்குகள் தொங்கும், புகை கிளம்பும். அன்று அதெல்லாம் கிடையாது. எத்தியோப்பியப் பஞ்சத்துக்கு நிதி திரட்ட பாடகர்கள் பாப் கெல்டாஃபும் மிட்ஜ் யூரும் நடத்திய நிகழ்ச்சி அது. ஒரு குழு இறங்க இறங்க அடுத்த குழு ஏற வேண்டும். எதிரே சுமார் 72,000 பேர். அத்தனை பேரும் குயினுக்காக வந்தவர்கள் அல்ல.

பாடகர் ஃப்ரெடி மெர்க்குரி ஓடி வருகிறார். வெள்ளை பனியன், ஜீன்ஸ். பியானோ முன் உட்காருகிறார். பியானோ மேலே பெப்சி கோப்பைகள் வரிசையாக நிற்கின்றன. ‘போஹிமியன் ராப்சடி’யின் முதல் பகுதியை மட்டும் பாடுகிறார். முழுப்பாட்டு ஏறக்குறைய ஆறு நிமிடம். அதைப் பாடினால் நேரம் போய்விடும் என்று தெரிந்து, உச்சத்துக்குப் போகும் இடத்தில் வெட்டிவிட்டு நேரே ‘ரேடியோ கா கா’வுக்குத் தாவுகிறார்கள். பல்லவி வந்ததும் மைதானம் முழுக்கக் கைகள் தலைக்கு மேலே எழுந்து இரண்டு தட்டு தட்டுகின்றன. யாரும் சொல்லித்தரவில்லை. முந்தைய ஆண்டு வந்த அந்தப் பாட்டின் வீடியோவில் பார்த்ததை அவர்களே செய்கிறார்கள். அந்தக் காட்சியை எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு மயிர்க்கூச்செறிகிறது.

அப்புறம் வாத்தியம் ஏதுமின்றி ‘ஏ... ஓ...’ என்று இழுக்கிறார், கூட்டம் திருப்பிப் பாடுகிறது. நீளமாக இழுக்கிறார், அதையும் பாடுகிறது. ‘ஹேமர் டு ஃபால்’ நடுவே கேமராக்காரரோடு ஒரு ஆட்டம். ‘கிரேஸி லிட்டில் திங் கால்ட் லவ்’வுக்குத் தானே கிதாரை மாட்டிக்கொள்கிறார். ‘வீ வில் ராக் யூ’ துளியூண்டு. ‘வீ ஆர் த சாம்பியன்ஸ்’ பாடி முடித்து இறங்கிவிடுகிறார்கள். ஒரு விநாடிகூட வீணாகவில்லை.

கே: அதெல்லாம் அந்த நேரத்து உணர்ச்சியில் தானாக வந்ததா? (திருநெல்வேலி வாசகி)

ப: ஒத்திகையில் வந்தது. லண்டன் ஷா தியேட்டரை வாடகைக்குப் பிடித்து, எந்தப் பாட்டை எங்கே வெட்டுவது என்று நேரம் பார்த்துப் பார்த்துப் பயிற்சி செய்தார்கள். அதே மேடையில் அன்று யூ2 குழுவின் போனோ ஒரு பாட்டு நடுவே கீழே இறங்கிக் கூட்டத்துக்குப் போய்விட்டார். மறக்க முடியாத காட்சிதான். ஆனால் நேரம் போய், அவர்களுடைய பெரிய வெற்றிப் பாட்டைப் பாடாமலே இறங்க வேண்டியதாயிற்று. அதே நாள் ஃபிலடெல்ஃபியா மேடையில் லெட் செப்பலின் போதிய பயிற்சியில்லாமல் ஏறியது. அதை நினைத்து அவர்களே பிற்பாடு வருத்தப்பட்டார்கள். ஃப்ரெடி கேமராவைப் பார்த்து அத்தனை சுதந்திரமாகத் துள்ள முடிந்ததென்றால் காரணம் அந்தப் பயிற்சி. அடுத்து எங்கே போக வேண்டும் என்று நான்கு பேருக்கும் கைகாலே சொல்லும்.

கே: சினிமாவில் காட்டியபடி, உடைந்துபோன குழு லைவ் எய்ட்டுக்காகத்தான் ஒன்று சேர்ந்ததா? (கோவை வாசகர்)

ப: இல்லை. 1985 மே மாதம்வரை ஜப்பானில் கச்சேரி செய்துகொண்டிருந்தார்கள். ஃப்ரெடிக்கு எச்.ஐ.வி. என்று உறுதியானதும் லைவ் எய்ட்டுக்கு முன்னால் அல்ல, பின்னால். 2018-ல் வந்த ‘போஹிமியன் ராப்சடி’ படத்தில் ராமி மாலெக் அபாரமாக நடித்தார், ஆஸ்கரும் வாங்கினார். சம்பவங்களின் வரிசைக்கு மட்டும் அந்தப் படத்தை நம்ப வேண்டாம்.

கே: காசு கொடுத்துப் போவது பாடகர் பாடுவதைக் கேட்க. கூட்டத்தைப் பாடவிட்டு இவர் மைக்கை நீட்டிக்கொண்டு நிற்பது மலிவான உத்தி இல்லையா? (சேலம் வாசகர்)

ப: பாட்டு கைவிட்டுப் போகும்போது மைக்கை நீட்டுகிறவர்கள் உண்டு. அவர்களைப் பற்றி நீங்கள் சொல்வது சரி. குயின் செய்தது வேறு. கூட்டத்துக்கென்றே பாட்டில் இடம் விட்டு எழுதினார்கள்.

1977-ல் இங்கிலாந்தின் ஸ்டாஃபர்ட் ஊரில் பிங்லி ஹாலில் ஒரு கச்சேரி. குழு மேடையை விட்டு இறங்கிய பிறகும் கூட்டம் போகவில்லை. கால்பந்து மைதானங்களில் பாடும் ஒரு பாட்டை எல்லோரும் சேர்ந்து பாட ஆரம்பித்துவிட்டார்கள். கிதார் கலைஞர் பிரையன் மேவுக்கு அன்றிரவு அதே யோசனை: நெருக்கியடித்து நிற்கும் கூட்டத்தால் என்ன செய்ய முடியும்? காலால் மிதிக்க முடியும், கையைத் தட்ட முடியும், பாட முடியும். இரண்டு மிதி, ஒரு தட்டு. ‘வீ வில் ராக் யூ’ அப்படிப் பிறந்தது. பாட்டு ஏறக்குறைய முடியும்வரை கிதாரே கிடையாது. ஸ்டூடியோவில் பலகைகள் மேல் சில பேர் மிதித்துத்தான் பதிவு செய்தார்கள். சில பேர் மிதித்தது பல்லாயிரம் பேர் மிதித்ததாகக் கேட்க வேண்டுமே? சாதாரண எதிரொலி போட்டால் குகைக்குள் கேட்பதுபோல் ஆகிவிடும். மே இயற்பியல் படித்தவர். ஒவ்வொரு பிரதியையும் பகா எண்களின் விகிதத்தில் சிறிது சிறிது தாமதப்படுத்திச் சேர்த்தார். ஒன்றோடொன்று பொருந்தாத இடைவெளிகள் என்பதால் எதிரொலி தெரியாமல், தூரத்தில் பரந்து நிற்கும் ஒரு ஜனக்கூட்டம் காதில் விழுகிறது.

அந்தக் கணக்கு மைதானத்தில் நிஜமாகவே நடக்கும். ஒலி விநாடிக்குச் சுமார் 340 மீட்டர் போகும். நூறு மீட்டருக்கு அப்பால் நிற்பவர் மேடை ஒலியை ஏறக்குறைய மூன்றில் ஒரு விநாடி தாமதமாகக் கேட்டு, அப்புறம் தட்டுகிறார். ஆகவே கைதட்டல் முன்வரிசையில் கிளம்பிப் பின்னால் அலையாகப் போகிறது.

ஃப்ரெடி எழுதிய ‘லவ் ஆஃப் மை லைஃப்’ இன்னொரு கதை. ரெக்கார்டில் பியானோவோடும் ஹார்ப்போடும் வரும் பாட்டு. மேடையில் பிரையன் மே பன்னிரண்டு கம்பி கிதாரோடு ஸ்டூலில் உட்கார, பக்கத்தில் ஃப்ரெடி. தென் அமெரிக்காவில், 1981-லும் பிறகு 1985 ஜனவரி ‘ராக் இன் ரியோ’ விழாவிலும், போர்ச்சுகீஸும் ஸ்பானிஷும் பேசும் ஜனங்கள் அந்த ஆங்கிலப் பாட்டை முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை பாடினார்கள். ஃப்ரெடி பாடுவதை நிறுத்திவிட்டுக் கையை மட்டும் அசைத்து நடத்துகிறார். அவர் முகத்தைப் பாருங்கள். உத்தி பலித்த முகமா அது? நெகிழ்ந்துபோன முகம்.

கே: ரெக்கார்டில் தொடும் உச்ச ஸ்தாயியை ஃப்ரெடி மேடையில் தொடுவதில்லை என்கிறான் என் தம்பி. சண்டையே வந்துவிட்டது. (புதுச்சேரி வாசகி)

ப: தம்பி சொன்னது சரி, சமாதானமாகிவிடுங்கள். ஃப்ரெடியின் குரல்நாணில் முடிச்சுகள் இருந்தன. வரிசையாகக் கச்சேரி வந்தால் தொண்டை கட்டிவிடும். எனவே பல இடங்களில் மெட்டைக் கீழே திருப்பிப் பாடுவார். உச்சத்தை டிரம்ஸ் வாசித்துக்கொண்டே ராஜர் டெய்லர் பிடித்துக்கொள்வார். தம்பிக்கு இன்னொன்றும் சொல்லுங்கள்: ‘போஹிமியன் ராப்சடி’யின் ஓபரா பகுதியில் அடுக்கடுக்காகக் குரல்கள். நான்கு பேரால் மேடையில் அதைப் பாட முடியாது. அந்த இடத்தில் வாயசைத்து ஏமாற்றாமல், நான்கு பேரும் மேடையை விட்டே போய்விடுவார்கள். டேப் ஓடும், விளக்குகள் ஆடும். கடைசி ராக் பகுதி வெடிக்கும் கணத்தில் எல்லோரும் திரும்பி வந்து நிற்பார்கள். அந்த நேர்மைக்காகவே எனக்கு அவர்கள் மேல் மரியாதை கூடியது.

கே: பிரையன் மே தன் கிதாரைத் தானே செய்தார் என்பது நிஜமா? (ஈரோடு வாசகர்)

ப: நிஜம். 1963-ல் பள்ளிப் பையனாக, அப்பாவோடு சேர்ந்து வீட்டிலேயே செய்யத் தொடங்கினார். கழுத்துக்குப் பழைய கணப்படுப்புச் சட்டத்தின் மகாகனி மரம். மீட்டுவதற்குப் பிளாஸ்டிக் துண்டு வேண்டாம் என்று ஆறு பென்ஸ் நாணயம். நாணயத்தின் விளிம்பிலுள்ள வரிகள் கம்பியில் உரசும்போது மெய்யெழுத்து உச்சரிப்பதுபோல ஒரு கரகரப்பு கேட்கும். மேடையில் ‘பிரைட்டன் ராக்’ வாசிக்கும்போது டேப் எதிரொலிக் கருவியில் தன் வாசிப்பைத் தாமதமாகத் திரும்ப வரவைத்து, அதன்மேல் அடுத்த வரியை வாசிப்பார். ஒரே ஆள், மூன்று கிதார்கள் ஒன்றையொன்று துரத்தும். 2007-ல் வானியற்பியலில் முனைவர் பட்டமும் வாங்கினார். இசைக்காகப் பாதியில் விட்டிருந்த ஆராய்ச்சி.

கே: குயின் இந்தியாவில் வாசித்ததுண்டா? (சென்னை வாசகர்)

ப: ஃப்ரெடி காலத்துக் குயின் வாசித்ததில்லை. ஆனால் ஃபரூக் பல்சாரா வாசித்திருக்கிறார். சான்சிபாரில் பார்சி குடும்பத்தில் பிறந்து, மகாராஷ்டிரத்தின் பஞ்ச்கனியில் விடுதிப் பள்ளியில் படித்த அந்தப் பையன், ‘த ஹெக்டிக்ஸ்’ என்ற பள்ளிக் குழுவில் பியானோ வாசித்தான். பிற்காலத்தில் ஃப்ரெடி மெர்க்குரி ஆனவன் அவன்தான்.

கே: ஒரே மனிதர் கையை உயர்த்த, முக்கால் லட்சம் பேர் கையை உயர்த்துவதைப் பார்த்தால் பயமாக இல்லையா? (திருச்சி வாசகி)

ப: உங்களுக்கு முன்பே ஒருவருக்குத் தோன்றியிருக்கிறது. 1979-ல் ‘ரோலிங் ஸ்டோன்’ பத்திரிகையில் குயினின் ‘ஜாஸ்’ ஆல்பத்துக்கு வந்த விமர்சனம், அவர்களை பாசிஸ ராக் குழு என்று சொல்லும் அளவுக்குப் போனது. கூட்டத்தின் பலம் எதற்கும் பயன்படும் என்ற எச்சரிக்கையை நானும் ஏற்கிறேன். ஆனால் அந்த ‘ஏ... ஓ...’வைக் கவனியுங்கள். ஃப்ரெடி வேண்டுமென்றே கடினமாக ஒரு சங்கதி போடுகிறார். கூட்டம் தடுமாறுகிறது. அவர் சிரிக்கிறார், கூட்டமும் சிரிக்கிறது. பாசிஸ மேடையில் தடுமாற இடமிருக்காது. அந்த மனிதரோ குடியேறிய குடும்பத்துப் பிள்ளை, சின்ன வயதில் பல்லுக்காகக் கேலிக்கு ஆளானவர். அவரை நம்பி அத்தனை பேர் கை தூக்கியதில் எனக்குச் சந்தோஷம்தான்.

கே: இவ்வளவு புகழ்கிறீர்களே, நிறவெறி ஆட்சி நடந்தபோது தென்னாப்பிரிக்கா போய் வாசித்தவர்கள்தானே? (யாழ்ப்பாண வாசகர்)

ப: ஆம். 1984 அக்டோபர், சன் சிட்டி. ஐ.நா.வின் கலாசாரப் புறக்கணிப்பு இருந்தது தெரிந்தே போனார்கள். பிரிட்டன் இசைக்கலைஞர் சங்கம் அபராதம் போட்டது. அரசியல் எங்களுக்கு வேண்டாம், ரசிகர்களுக்காகப் போனோம் என்ற அவர்களின் விளக்கம் போதாது. தவறு தவறுதான். லைவ் எய்ட் அதைத் துடைத்துவிட்டது என்றும் சொல்லமாட்டேன். ரசிகர் என்றால் இதையும் தெரிந்துவைத்திருக்க வேண்டும்.

கே: நால்வரில் உங்களுக்கு மிகப் பிடித்தவர்? (நாகர்கோவில் வாசகி)

ப: பேஸ் வாசித்த ஜான் டீக்கன். மேடையில் அதிகம் பேசாதவர். ஆனால் ‘அனதர் ஒன் பைட்ஸ் த டஸ்ட்’ அவர் எழுதியது. அந்த பேஸ் வரி தொடங்கினால் போதும், கூட்டம் ஆட ஆரம்பித்துவிடும். ஃப்ரெடி 1991 நவம்பர் 24-ல் இறந்த பிறகு சில மேடைகளில் வாசித்தார். 1997-க்குப் பிறகு ஏறவே இல்லை.

கே: பாடகர் ஆடம் லாம்பெர்ட்டை வைத்துக்கொண்டு இப்போது போவதைக் குயின் என்று சொல்லலாமா? (தஞ்சாவூர் வாசகர்)

ப: ‘குயின் + ஆடம் லாம்பெர்ட்’ என்றுதான் அவர்களே போட்டுக்கொள்கிறார்கள். அந்தக் கூட்டல் குறியில் நாணயம் இருக்கிறது. லாம்பெர்ட் ஃப்ரெடியைப்போல மீசை வைத்து வேஷம் கட்டவில்லை, தன் குரலில் பாடுகிறார். வாய்ப்புக் கிடைத்தால் போய்ப் பாருங்கள். யார் பாடினாலும் பாட்டு கூட்டத்திடம் இருக்கிறது. 2017-ல் லண்டன் ஹைட் பார்க்கில் கிரீன் டே குழுவின் கச்சேரி தொடங்குமுன், ஒலிபெருக்கியில் வெறுமனே ‘போஹிமியன் ராப்சடி’யைப் போட்டார்கள். மேடையில் ஆளே இல்லை. மொத்தக் கூட்டமும் ஓபரா பகுதி உட்பட முழுப்பாட்டையும் பாடியது.

கே: புதிதாகக் கேட்கிறவன். லைவ் எய்ட் பார்த்தாயிற்று. அடுத்து? (வேலூர் கல்லூரி மாணவர்)

ப: 1981 நவம்பரில் கனடாவின் மான்ட்ரியலில் படமாக்கிய கச்சேரி. எல்லோரும் 1986 வெம்பிளியைச் சொல்வார்கள். அது திருவிழா, அதையும் பார்க்கத்தான் வேண்டும். ஆனால் வாசிப்பின் கூர்மைக்கு மான்ட்ரியல்தான். நான்கே பேர், 35 எம்.எம். படச்சுருள், ஒவ்வொரு விரலும் தெரிகிறது. அதற்குப் பிறகு 1975 கிறிஸ்துமஸுக்கு முந்தைய இரவு லண்டன் ஹேமர்ஸ்மித் ஓடியனில் பி.பி.சி. ஒளிபரப்பிய கச்சேரி. ஃப்ரெடிக்கு மீசை இருக்காது, நீண்ட முடி, கறுப்பு நகப்பூச்சு. கையில் அடிப்பாகம் இல்லாத அரை மைக் கம்பு மட்டும் அப்போதே வந்துவிட்டது. நல்ல ஹெட்ஃபோன் கிடைத்தால் போட்டுக்கொள்ளுங்கள், விடுதி அறையில் இரண்டு மிதி ஒரு தட்டு வேண்டாம்.