துண்டுக்கடியில் தரகர்

வாடா பேராண்டி, உக்காரு. நடுவுல ஆளே இல்லாம சேதியும் பைலும் அனுப்புற ஆப் கட்டப்போறியாமே? பேஷ்! மாட்டுச் சந்தையில துண்டுக்கடியில விரலைப் பிடிச்சு விலை பேசுனவன் நான். ரகசியம்னா எனக்கும் கொஞ்சம் பழக்கம்.

சேதிக்குப் போடுற பூட்டைப் பத்தி ரொம்ப அளக்காதே. ஊரே பார்த்துக்கிட்டு நிக்கையில ரெண்டு பேர் மட்டும் ஒரு சாவியை உண்டாக்கிக்கிற வித்தையை டிஃபியும் ஹெல்மனும் 1976லயே சொல்லிட்டாங்க. சேதிக்குச் சேதி சாவியை மாத்துற வேலையைச் சிக்னல் ஆப்காரங்க முடிச்சு வச்சிருக்காங்க. நீ சொந்தமா ஒரு பூட்டு அடிச்சேன்னு வையி, திருடன் உனக்கு மாலை போடுவான்.

பைலுக்கும் வழி இருக்கு. பாட்டுப் பரிமாறுன நாப்ஸ்டர்ல பாட்டெல்லாம் ஜனங்க கம்ப்யூட்டர்லதான் கிடந்துச்சு. எது எங்க இருக்குங்கிற பட்டியல் மட்டும் கம்பெனி கையில. கோர்ட்டு அந்தப் பட்டியலைப் பிடிச்சுது, 2001ல கதை முடிஞ்சுது. அடுத்த வருசம் வந்த கடெம்லியாங்கிற முறை, பட்டியலையே பிச்சு எல்லார்கிட்டயும் குடுத்து வச்சுது. பைலைத் துண்டு போட்டு ஹாஷ்ங்கிற அடையாளம் எடுத்து வச்சா, எந்தப் பய குடுத்தாலும் சரக்கு அசலான்னு நீயே பார்த்துக்கலாம்.

எல்லாம் சரி ராசா. தரகரைத் துரத்திட்டேன்னியே, எங்க போனாரு?

புதுசா வர்றவன் மொத ஆளை எப்படிக் கண்டுபிடிப்பான்? அதுக்கு ஒரு சர்வர் முகவரியை ஆப்புக்குள்ள எழுதி வைப்பே. தரகர் ஒண்ணு. வீட்டு ரூட்டர் வெளியாளை உள்ள விடாது; இடுக்கு கிடைக்கலேன்னா நடுவுல ரிலே வைப்பே. ரெண்டு. எதிராளி போனை அணைச்சுட்டுத் தூங்குறான், சேதியை யாரு வச்சிருப்பா? மூணு. போன் மணி அடிக்கணும்னா பெரும்பாலும் கூகுள், ஆப்பிள் வழியாத்தான். நாலு. அந்த மணியடிச்ச கணக்கை அரசாங்கங்க கேக்குதுன்னு 2023 டிசம்பர்ல அமெரிக்க செனட்டர் ரான் வைடன் போட்டு உடைச்சாரே, படிக்கலியா?

இவங்க யாரும் வேணாம், நேருக்கு நேராவே பேசுறேங்கிறியா? அப்ப உன் ஐபி முகவரி எதிராளிக்கே தெரிஞ்சுபோகும். துண்டுக்குள்ள விலை மறையும். யாரு கையை யாரு பிடிச்சான்னு சந்தைக்கே தெரியுமேடா! அதை மறைக்கத்தான் டார்ங்கிற வலையில மூணு கை மாத்தி விடுறாங்க, எந்தக் கைக்கும் முழு வழி தெரியாம. பிரையர்ங்கிற சேதி ஆப் அப்படித்தான் போகுது. பக்கத்துல இருந்தா புளூடூத்துலயே முடிச்சுக்குது. வேகம் குறையும், பேட்டரி தீரும். ரகசியம் ஓசியில வருமா?

அதனால ஒண்ணு செய். ஆப்பு வாசல்ல பலகை போடு: தரகர் இத்தனை பேரு, இன்னாருக்கு இது தெரியும், இது தெரியாது. சாவி தொலைஞ்சா மீட்டுத் தர ஆளில்லைங்கிறதையும் அதுலயே பெருசா எழுது. எழுதக் கை கூசுதா? அப்ப அந்தத் தரகரை மொதல்ல வெளிய அனுப்பு, அப்புறமா ‘ஆளில்லாத ஆப்’புன்னு தண்டோரா போடு.