காசு கொடுத்துக் கறுக்கலாமா?

கே: மேல்நாடுகளில் தோல் கறுக்கவைக்கும் விளக்குப் படுக்கையை எதிர்த்து ஏன் இத்தனை பிரச்சாரம்? கறுப்பதும் வெளுப்பதும் அவரவர் இஷ்டம்தானே?

ப: இஷ்டம்தான், ஆபத்து தெரிந்திருந்தால். மேலும் கீழும் புறஊதாக் குழல்விளக்குகள், கண்ணுக்குக் குட்டிக் கண்ணாடி. மூடியை இழுத்துவிட்டுப் படுத்தால் சில நிமிடங்களில் எழுந்துவிடலாம். பார்ப்பதற்கு எத்தனை சாது! ஆனால் அதில் கிடைக்கும் பழுப்பு நிறம் அழகல்ல, அடிபட்ட தோல் தன்னைக் காத்துக்கொள்ள எழுப்பும் கூக்குரல். 2009-ல் உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் இந்தப் படுக்கையைச் புற்றுநோய் உண்டாக்குபவற்றின் முதல் பட்டியலில், சிகரெட்டோடு சேர்த்தது.

மெல்பர்ன் பெண் கிளேர் ஆலிவர் இளம் வயதில் சில தடவைதான் இந்தப் படுக்கையில் போய்ப் படுத்தார். மெலனோமா என்ற தோல் புற்றுநோய் வந்தது. சாகும் தறுவாயிலும் பத்திரிகை, தொலைக்காட்சி என்று எல்லா இடத்திலும் மற்ற பெண்களை எச்சரித்தார். 2007-ல், 26 வயதில் போய்விட்டார். அவர் மூட்டிய தீதான் 2015-ல் ஆஸ்திரேலியாவின் பெரும்பாலான மாநிலங்களில் இந்தப் படுக்கை வைத்திருந்த கடைகளை மூடவைத்தது. பிரேசில் 2009-லேயே தடை போட்டது. பிரிட்டனில் 18 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு மட்டும்தான் தடை. பதினெட்டு வயதானால் தோல் என்ன இரும்பாகிவிடுமா? முழுத் தடை கேட்டுப் போராடுபவர்கள் பக்கம்தான் நான்.