வறண்ட குழாயின் இயல்: பணிநாள் காலையை முன்வைத்து ஓர் ஆய்வு

ஆய்வுக் களம்: சென்னை அடுக்ககம் ஒன்று. காலம்: அலுவலக நாள், காலை ஏழரை முதல் ஒன்பது வரை. கருதுகோள்: பின்னர் எழுதப்படும். முடிவு கைக்கு வந்த பிறகே கருதுகோளை எழுதுவது நம் ஆய்வுலகம் கட்டிக்காத்து வரும் முறையாதலால் இதற்கு நெறியாளர் தடை சொல்லவில்லை.

நீரின்மை குறித்து எழுதிய முன்னோர் எல்லாரும் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் என்று ஏரி ஏரியாகப் போய்விட்டனர். 2019 ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து வில்லிவாக்கத்துக்கு 50 வேகன்களில் 25 லட்சம் லிட்டர் ரயிலேறி வந்த கதையும் போதுமான அளவு எழுதப்பட்டுவிட்டது. ஏரி நிரம்பி, சம்ப்பிலும் கழுத்துவரை நீர் நிற்கிற ஆண்டில், செவ்வாய்க்கிழமை காலை மூன்றாம் மாடிக் குளியலறையில் மட்டும் ஏன் வரவில்லை என்று ஆராய ஒருவரும் மொட்டைமாடி ஏறியதில்லை. முழங்கால் வலியாக இருக்கலாம். அந்த ஆய்வு இடைவெளியை இக்கட்டுரை நிரப்பும். தொட்டியை நிரப்பாது.

நீரின்மை காரணத்தால் பல வகைப்படும். கரண்ட் போனமை: யாவரும் அறிந்தது, விடுக. கெபாசிட்டர் போனமை: மோட்டார் உறுமும், சுற்றாது, எலக்ட்ரீஷியன் “வந்துட்டே இருக்கேன் சார்” என்பார், வரமாட்டார். ஃபுட்வால்வு கசிவு: மோட்டார் ஓடும், தண்ணீர் ஏறாது, ஊற்றி ஊற்றி ஏர் எடுக்க வேண்டும், ஊற்றத் தண்ணீர் வேண்டும். வாட்ச்மேன் ஊருக்குப் போனமை: தனி முனைவர் பட்டத்துக்கு உரியது.

அறிகுறி ஒன்றே. குழாய் இருமும். தொட்டி காலியாகிக் குழாய்க்குள் காற்று புகுந்ததே காரணம் என்று எளிதாகச் சொல்லிவிடலாம். அப்படிச் சொன்னால் கட்டுரை ஆய்விதழில் வராது.

தொட்டி காலியான பிறகும் குழாய்களில் எஞ்சிய நீர் தாழ்ந்த இடம் நோக்கி இறங்குவதால், தரைத்தளத்தார்க்குச் சற்று நேரம் வந்துகொண்டே இருக்கும். இந்த இயற்பியலின் சமூக விளைவு, “எங்களுக்கு வருதே” என்ற வாக்கியம் (அடுக்கக வாட்ஸாப் குழு, காலை 7.52). அடுக்கக வரலாற்றில் இதைவிடக் கொடிய வாக்கியம் பதிவாகவில்லை. அதற்கு மூன்றாம் மாடி மாமி இட்ட எதிர்வினை இப்போது கிடைப்பதில்லை (அதே குழு, காலை 7.53, “இந்தச் செய்தி நீக்கப்பட்டது”, மூலபாடம் செயலாளர் கைப்பேசியில் ஸ்கிரீன்ஷாட்டாக உள்ளது, சந்தா பாக்கி இல்லாதோர் மட்டும் பார்வையிடலாம்).

கேன் தண்ணீரில் குளித்தல்: நடக்கிறது. எவரும் ஒப்புக்கொள்வதில்லை. எனவே தரவு இல்லை.

இனி இத்துறையின் தலையாய சிக்கலுக்கு வருவோம். தண்ணீர் வராத குழாய், திறந்திருக்கிறதா, மூடியிருக்கிறதா?

அற்பமாகத் தோன்றும். ஆனால் வீட்டில் ஐந்து குழாய்களையும் ஆளுக்கொரு முறை திருகிப் பார்த்தபின், பஸ்ஸுக்கு நேரமாகிவிட்ட நிலையில், இதற்கு விடை சொல்லக்கூடிய குடும்பத்தலைவர் தமிழ்நாட்டில் இல்லை. அறிவு எப்படிப் பிறக்கிறது என்பதைச் சிவஞான சித்தியார் தொடக்கத்திலேயே அளவை என்று வைத்து ஆராய்கிறது. காண்டல், கருதல், உரை என்ற மூன்றையும் குழாயில் பொருத்திப் பார்த்தேன்.

காண்டல் பயன்படாது. பழைய பித்தளைக் குழாயின் தலை எந்தத் திருகலில் நின்றாலும் ஒரே முகம்தான் காட்டும். கைப்பிடி குழாயின் போக்கில் இருந்தால் திறப்பு, குறுக்கே நின்றால் மூடல் என்பது பந்து வால்வுக்குச் சரி. எங்கள் பில்டர் மாட்டிய பாத்ரூம் குழாய் எந்த நெறிக்கும் கட்டுப்பட்டதல்ல.

கருதலும் கைவிடும். புகையைக் கொண்டு நெருப்பைக் கருதலாம். விழும் நீரைக் கொண்டு திறப்பைக் கருதலாம். நீரே இல்லாதபோது எதைக் கொண்டு எதைக் கருதுவது?

எஞ்சியது உரை; அதாவது நம்பத்தக்கவர் சொல். “குழாய மூடிட்டியா?” என்று மனைவியைக் கேட்டேன். “கடைசியா உள்ள போனது நீங்கதானே?” என்றாள். ஆக, நம்பத்தக்கவர் நானே என்றாயிற்று. மகன் காதில் ஹெட்போன் இருந்தது. அவனை அபாவம், அதாவது இன்மை, என்ற அளவையில் சேர்க்க.

இவ்விடத்தில் அறிஞர் இரு கட்சியாகப் பிரிவர். வலஞ்சுழியார், ஐயம் வந்தால் எல்லாக் குழாயையும் வலப்பக்கம் இறுக்குக என்பர். இடஞ்சுழியார், ஏற்கெனவே மூடிய குழாயை இறுக்கினால் வாஷர் கிழியும், ஆகவே சற்றே இடப்பக்கம் தளர்த்தி, பிறகு மூடுக என்பர் (மொட்டைமாடிச் சொற்பொழிவுகள், வடாம் காயும் பருவம், இரண்டாம் அமர்வு, தொட்டி மூடியின் மேல் உட்கார்ந்து ஆற்றிய உரை, காகம் குறுக்கிட்டதால் முற்றுப்பெறவில்லை). தளர்த்தியபின் மூடுவதற்குள் போன் வந்துவிடும் என்பது வலஞ்சுழியார் மறுப்பு (லிஃப்ட் வாசல் விவாதங்கள், லிஃப்ட் பழுதான வாரம், திருத்திய பதிப்பு, முதற்பதிப்பில் உள்ள வசைகள் பிள்ளைகளை முன்னிட்டு நீக்கப்பட்டவை). இரு தரப்பும் ஒருவரை ஒருவர் மட்டுமே மேற்கோள் காட்டுகின்றனர். வேறு எவரும் இவர்களைப் படித்ததாகத் தெரியவில்லை. ஆகவே இருவரும் துறை முன்னோடிகள். ஒருவர் நூலுக்கு மற்றவர் அணிந்துரை தந்திருக்கிறார். இந்த விவாதத்தால் நேரடிப் பயன் பெற்றவர் பிளம்பர்.

மொட்டைமாடிக்குப் போய் வால்வைப் பார்க்கலாமே என்று ஒரு மாணவர் கேட்டார். களப்பணிக்கு நிதி இல்லை.

அன்று பதினொரு மணியளவில் யாரோ மோட்டாரைப் போட்டிருக்கிறார்கள். அப்போது எங்கள் வீட்டில் எவரும் இல்லை. ஐந்து குழாய்களில் நான்கு மூடியிருந்தன என்பது மாலையில் ஐயமற நிறுவப்பட்டது. ஐந்தாவதன் நிலையைக் கீழ்வீட்டு சீலிங்கைக் கொண்டு கருதல் அளவையாலேயே அறிய முடிந்தது. ஆகவே அளவைகள் பற்றி மேலே சொன்னதைச் சிறிது திருத்திக்கொள்க. கீழ்வீட்டுக்காரர் தம் மறுப்புரையை எங்கள் வாசலில் நின்று, வாய்மொழியாகவே வழங்கினார். நீண்ட உரை. அச்சேற்ற அவர் இசைவு தந்திருக்கிறார், ஆய்விதழ்தான் தயங்குகிறது.